தெற்கே தள்ளிய வளைவு

கண்ணாடிப் பெட்டி முதலில் வந்துவிட்டது. எல்லாக் கோளாறுக்கும் அதுதான் ஆரம்பம். உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்று அளந்து பார்க்காமல், ஆறடிக்கு இரண்டரை அடியில் அலுமினியச் சட்டம் போட்டு ஒரு பெட்டி செய்து, என் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இரண்டரை அடியால் என் அக்காவின் மக்காச்சோளம் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் காய்ந்தது. இன்றைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து அரியலூர் போக வேண்டும். எங்களுக்கும் ஒரு பாதை வேண்டும் என்று கேட்பதற்கென்றே ஊரில் ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் உரக்கடைக்காரர். டெல்லியில் செல்வாக்குள்ள ஒருவர் பொங்கல் கழிந்து பயணியர் மாளிகைக்கு வருகிறார் என்று அவருக்குத் தகவல் வந்தது. மனு கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார், ஓடுகிற ரயிலைக் காட்டினால் இரண்டு நிமிஷம் நிற்பார் என்பது செயலாளரின் யோசனை. மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். அதை என் தலையில் கட்டியதுதான் மோசம்.

ரயில் ஏற்கெனவே இருந்தது. லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர், சங்கத்தில் உறுப்பினர், துபாயிலிருந்து எப்போதோ வாங்கி வந்த பொம்மை ரயில் செட்டை அட்டைப் பெட்டியோடு கொடுத்தார். ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள், நேரான தண்டவாளத் துண்டுகள், வளைந்த துண்டுகள். வளைந்த துண்டு பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். தரையில் போட்டு அளந்தேன். வட்டத்துக்கு இரண்டே முக்கால் அடி இடம் வேண்டும். கண்ணாடிப் பெட்டி இரண்டரை.

செயலாளரிடம் போய்ப் பெட்டியை மாற்றச் சொன்னேன். அது முடிந்து போன சமாச்சாரம், மாளிகை வராண்டாவில் இரண்டு தூணுக்கு நடுவில் அது மட்டும்தான் நுழையும் என்றார். அதோடு போர்டு எழுதும் பெயிண்டரை வைத்து, அடிப்பலகையில் வரைபடமும் எழுதி முடித்திருந்தார்கள். வலது ஓரத்தில் அரியலூர், இடது ஓரத்தில் பெரம்பலூர், நடுவில் ஊர்ப் பெயர்கள், ஏரிகள், பச்சை வயல். சாலையை ஒட்டி நேராக ஒரு சிவப்புக் கோடு. அதுதான் வரப்போகும் ரயில் பாதையாம். கோட்டின் மேலேயே தண்டவாளம் போகட்டும், பெரம்பலூரில் திரும்பி, பின்னால் பஞ்சில் செய்த மலைக்குப் பின்னே ஒளிந்து அரியலூர் போகட்டும், ரயில் நிற்கவே கூடாது, மூன்று பெட்டியும் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

ஓடாத ஒன்றை ஓட வை என்று சொல்வது சுலபம். நான் வளைவை இறுக்கத் தொடங்கினேன். அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள் பிளாஸ்டிக். கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மெல்லிய பட்டை ஓடும். உள்பக்கத்துப் பட்டையைப் பிளேடால் அறுத்துவிட்டால் கட்டைகள் நெருங்கும், துண்டு இன்னும் வளையும். வளைத்தால் உள்பக்கத் தண்டவாளம் நுனியில் நீட்டிக்கொண்டு வரும். அதை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் தேய்த்து, அடுத்த துண்டோடு இணைத்து ஈயம் பற்ற வைக்க வேண்டும். அரியலூர் பக்கத்து வளைவு எப்படியோ அமைந்தது. பெரம்பலூர் பக்கம் அமையவில்லை. நேராக வருகிற எஞ்சின், வளைவு தொடங்கும் இடத்தில் சக்கரத்தை வெளித் தண்டவாளத்தின் மேல் தூக்கி வைத்து, கொஞ்சம் யோசிப்பது போல் நின்று, சாயும். பின்னால் வரும் மூன்று பெட்டியும் அதன் மேல் ஏறும். இதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடையில் விவசாயிகளின் மோட்டார் வரிசையாகக் கிடந்தது. நான் பொம்மை ரயிலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

சந்துக்குள் பஸ் திருப்புகிறவன் என்ன செய்வான்? முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, பிறகு ஒடிப்பான். நானும் அதையே செய்தேன். சிவப்புக் கோடு முன்கண்ணாடியிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தது. பெரம்பலூருக்கு இரண்டு சாண் முன்னாலேயே தண்டவாளத்தைக் கோட்டை விட்டு விலக்கி, மெல்லத் தெற்கே தள்ளி, கண்ணாடியை உரசிக்கொண்டு போய், அங்கிருந்து வடக்கே ஒடித்தேன். நாலு விரல் கிடைத்ததும் வட்டம் பெரிதானது. எஞ்சின் மூன்று பெட்டியோடு திரும்பியது. பத்தில் எட்டுத் தடவை திரும்பியது.

தண்டவாளம் கோட்டை விட்டு விலகிய இடம் எங்கள் ஊர். பெயிண்டர் அங்கே ஒரு ஏரி போட்டு, ஊர்ப் பெயரும் எழுதியிருந்தான். நான் பிறந்த ஊர். என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான்.

அக்கா வீட்டு நிலத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மச்சானும் அவருடைய பெரியப்பா மகனும் பங்காளிகள். பாட்டன் சொத்தை அரியலூர் ரோடு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டுக்கு வடக்கே அக்காவின் இரண்டு ஏக்கர் கொல்லை. தெற்கே ஏரி வரைக்கும் பங்காளிக்கு. கிணறு ஒன்றுதான், இருவருக்கும் பொது, ஆனால் அது தெற்கே அவர் நிலத்தில் இருக்கிறது. மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் அக்கா முறை. ரோட்டுக்கு அடியில் குழாய் போட்டு அக்கா தண்ணீர் பாய்ச்சுவாள். மோட்டார் கொட்டகையின் சாவி பங்காளியிடம். அக்கா முறை வந்தால் வாங்கிக்கொள்வாள், முடிந்தால் திருப்பிக் கொடுப்பாள். பத்து வருஷமாக ஒரு சண்டை இல்லை.

பங்காளி ஒரு நாள் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அப்போதுதான் எஞ்சின் விழுந்திருந்தது. பத்தில் இரண்டு தடவை விழும் என்றேனே, அதில் ஒன்று. என் கையில் ஈயம் பற்ற வைக்கும் இரும்பு சுட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். ஏரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"மாப்ள, இது நம்ம ஏரிதான? அப்ப இது எங்க கொல்ல மேல போவுதே?"

இது பொம்மை, வளைவுக்காகத் தள்ளிப் போட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"ஆமா, உங்க கொல்ல மேலதான் போவுது. கெணத்த மூடிட்டு தண்டவாளம் போடப் போறாங்க. போயி மூட்டையக் கட்டுங்க."

அவர் ஸ்டார்ட்டரை வைத்துவிட்டுப் போனார். நானும் மறந்துவிட்டேன்.

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். திருச்சி ரோட்டை நாலு வழியாக்க வயலுக்குள் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்து கொல்லைக்குப் போனால் நடுவில் ஒரு கல் நிற்கும். அரியலூர் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்று கரட்டு நிலங்களை வாங்கிக் குவித்தார்கள். வரைபடத்தில் வந்த கோடு நிலத்துக்கு வருவதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மனிதரிடம்தான் நான் மூட்டையைக் கட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் அக்கா பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் முறை வந்து, மூன்று நாளும் போய்விட்டது. சாவி கிடைக்கவில்லை. ரயில் எங்கே போகிறது என்று தெரிகிற வரைக்கும் தன் நிலத்துக் கிணற்றில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று பங்காளி சொல்லிவிட்டாராம். மச்சான் போய்க் கேட்டு, கைகலப்பு வரைக்கும் வந்திருக்கிறது. இப்போது மறுபடி அவர் முறை. கதிரில் பால் பிடிக்கும் நேரம்.

"இலை சுருட்டிக்கிட்டு நிக்கிது. இன்னும் நாலு நாள் தாங்குமா தெரியல. நீ என்னடா சொன்ன அவருகிட்ட?" என்றாள்.

சொன்னதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அவளோடு அதே பஸ்ஸில் போனேன். பங்காளி கிணற்றடியில் இருந்தார். அன்றைக்குப் பேசியது தப்புதான் என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்கத் தெரியாது எனக்கு. சண்டைக்கு வந்தவன் மாதிரிதான் இருந்திருக்கும். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ரோட்டுக்கு வடக்கால உங்கக்கா. தெக்கால நான். ரயிலு தெக்கால போவுது. அத போட்டவன் நீ. இதுல நான் என்னா மாப்ள தப்பா சொல்லிட்டன்?"

"அது பொம்மைங்க. பலகையில ஒரு வெரல வச்சா பாதி ஊரு மறைஞ்சுடும்."

"நாலு வழி ரோட்டையும் மொதல்ல பேப்பர்லதான் போட்டானுவ. டெல்லிக்காரரு அத பாத்துட்டுப் போயி இப்படித்தான் போவணும்னு எழுதிட்டார்னா? நீ வந்து நிறுத்துவியா?"

வளைவு அப்படித்தான் அமையும், வடக்கே தள்ள முடியாது என்று கத்தினேன். அதையும் பலகையில் காட்டு, நம்புகிறேன் என்றார். சாவி இடுப்பில் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பறித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பறித்திருந்தால் அன்றைக்கு ஒருவர் மண்டை உடைந்திருக்கும்.

அன்றைக்கே பெரம்பலூர் திரும்பிச் செயலாளரிடம் சொன்னேன். அவருக்கு டெல்லியிலிருந்து வருகிறவரைப் பற்றித்தான் கவலை. நாலு நாள்தான் இருந்தது. ஊர்ப் பெயரை அழித்துவிடு, தீர்ந்தது என்றார். பெயரை அழித்தால் ஏரி இருக்கும், ஏரியை அழித்தால் ரோடு இருக்கும். அவர்களுக்குத் தங்கள் நிலத்தை அடையாளம் காண எழுத்து வேண்டுமா? இரண்டு பெட்டியைக் கழற்றினால் வளைவை மாற்றிப் பார்க்கலாம் என்று இழுத்தேன். ஒற்றைப் பெட்டி வண்டியை ரயில் என்று யார் ஒத்துக்கொள்வார்கள் என்று சீறினார். நானும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையை மட்டும் டெம்போவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். களத்தில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்தோம். ஒரு டிராக்டரின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்தேன். நேராகக் கொடுத்தால் எஞ்சின் பறந்துவிடும் என்று, நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்தேன். பல்பு மங்கலாக எரிந்தது, ரயில் நிதானமாக ஓடியது. இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மச்சான் ஒரு பக்கம், பங்காளி எதிர்ப்பக்கம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

ரயில் மூன்று சுற்று ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஏரியருகே தெற்கே ஒதுங்கும்போது எல்லார் கண்ணும் பங்காளியின் மேல் போய் வந்தது. நான் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். திருகுகளைக் கழற்றி, வளைவைத் தளர்த்தி, திருப்புளியை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே சிவப்புக் கோட்டு மேல போடுங்க. ஓடுச்சுன்னா நான் கடைய மூடிடறேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பொறுமையாகத் தள்ளினார், கோட்டின் மேல் கொண்டுவந்தார். நான் ஒயரைக் கொடுத்தேன். வளைவில் ஏறிச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் திருத்தினார். சாய்ந்தது. மூன்றாவது தடவை அவரே எஞ்சினை எடுத்து, சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்து, வைத்தார். அப்போதும் சாய்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன், பாத்தீங்களா என்று.

அவர் சாய்ந்த எஞ்சினை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே யோசித்தார்.

"அப்ப நெசமான ரயிலும் இப்படித்தான? ஒடிச்சு வளைய முடியாது, ஒதுங்கித்தான் வளையும். அப்ப எங்க கொல்லையிலதான் வரும்னு நீயே காட்டிட்ட."

அவர் சொன்னதில் எங்கே தப்பு? நிஜ ரயில் பெரம்பலூரில் திரும்பி மலைக்குப் பின்னால் ஒளிந்து அரியலூருக்கே ஓடாது, நேராக மேற்கே போகும் என்று சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. சொல்லியிருந்தாலும் ஒரு ஆள் நம்பியிருக்க மாட்டான்.

அக்காதான் பேசினாள். என்னைப் பார்த்து, சாதாரணமாக, குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"வடக்கால போட முடியாதாடா?"

"முடியாது."

"போட்டுப் பாத்தியா?"

போட்டுப் பார்க்கவில்லை. வழி தெரியாமல் இல்லை. எங்கள் ஊருக்கு முன்னாலேயே வளைவைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே இழுத்துக்கொண்டு போனால், திரும்புகிற இடம் குறுகும். வளைவு சட்டென்று தொடங்காததால் எஞ்சின் சாயாது, ஆனால் மூன்று பெட்டி போகாது, எஞ்சினும் ஒரு பெட்டியும் மட்டும் போகும். கடையில் முதல் நாளே அது எனக்குப் பட்டது. பென்சிலால் கோடு கூடப் போட்டேன். கோடு எங்கே விழுந்தது என்று பார்த்தேன். அழித்துவிட்டுத் தெற்கே தள்ளினேன். மூன்று பெட்டி வேண்டும் என்றார்களே, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பாக்கல" என்றேன்.

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரில் ஒருவனுக்கும் இந்தத் தொழில் தெரியாது. ஆனால் கோபம் வந்தால் எனக்குப் பொய் வராது. அன்றைக்குக் கோபம் என் மேலேயே இருந்தது.

"அங்க உன் கொல்ல இருக்குன்னுதான்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ பின்னாலிருந்து, "அப்ப அவரு சொன்னது சரிதான்" என்றார்கள். பங்காளி கையிலிருந்த எஞ்சினைப் பலகையில் வைத்தார்.

"வடக்கால போடு" என்றாள் அக்கா.

மச்சான் அவளைத் தடுத்தார். நாளைக்கு இதுவே நிஜமாகி நம் நிலம் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவரும் பயந்துதான் இருந்தார்.

"வந்தா அப்ப பாத்துக்கலாம். சோளம் இப்ப காயுது" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் வேலை. வெயிலில் பிளாஸ்டிக் இளகி நன்றாக வளைந்தது. பழைய பென்சில் கோட்டின் தடம் பெயிண்டில் இன்னும் லேசாகத் தெரிந்தது. அதன் மேலேயே போட்டேன். ரோட்டுக்கு வடக்கே, அக்காவின் நிலம் இருக்க வேண்டிய இடத்தின் நடுவில், ஏழு திருகு போட்டு இறுக்கினேன். இரண்டு பெட்டியைக் கழற்றினேன். ஒயரைக் கொடுத்தேன். எஞ்சின் வந்தது, வளைவில் நுழைந்தது, வேகம் குறைந்தது, நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. திரும்பியது. பத்துச் சுற்று விட்டேன். ஒரு தடவை கூட விழவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதல் நாளே இதைப் போட்டிருக்கலாம்.

பங்காளி பத்துச் சுற்றையும் பார்த்தார். பிறகு எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, என்னைத் தாண்டிப் போய் அக்காவிடம் கொடுத்தார்.

"இன்னிக்கு என் மொறதான். பரவால்ல, நீ பாச்சிக்கம்மா."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டாள். ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கூட்டம் கலைந்தது. நான் ஒயரைச் சுருட்டினேன்.

வருகிறவர் வந்தார். பயணியர் மாளிகை வராண்டாவில் இரண்டு சுற்றுப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், மனுவை மடித்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். ஏரி, ஊர், வடக்கு, தெற்கு எதையும் அவர் கேட்கவில்லை. மீதி இரண்டு பெட்டி எங்கே என்று செயலாளர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். உங்கள் உரக்கடையில் தேடுங்கள் என்றேன். அதோடு சங்கத்துக்கும் எனக்கும் முடிந்தது. பெரம்பலூருக்கு ரயிலும் வரவில்லை. வடக்கேயும் வரவில்லை, தெற்கேயும் வரவில்லை.

மாசியில் சோளம் உடைத்தார்கள். நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். பாதிக் கதிர்களில் நுனியில் மணி பிடிக்கவில்லை. விரல் நீளத்துக்கு வெறும் சக்கை. அக்கா ஒரு கதிரை உரித்து, பார்த்து, குவியலில் போட்டாள். அவளுக்காகத்தான் தண்டவாளத்தைத் தெற்கே தள்ளினேன் என்று சொல்ல வந்தேன்.

"எனக்காகப் பண்ணேன்னு சொல்லாத. அந்தாளாவது உன் கடைக்கு வந்து ஒரு வார்த்த கேட்டாரு. நீ என்னக் கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. அவள் அடுத்த கதிரை எடுத்து உரித்தாள்.